காயப்போட்ட பனி

இன்னொருவருடைய கதையை வாங்கி வருவதற்காக நான் ராஜபாளையம் போனேன். அது கிடைக்காமல் போனால் என் கதை அச்சாகும். இப்படி ஒரு வேலைக்குப் போய் என்னை அனுப்பலாம் என்று எங்கள் முதலாளிக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸில் மாத நாவல்கள் போடும் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரைக்கும் படிப்பு. வேலையோடு வேலையாகக் குற்றக் கதைகளும் எழுதுவேன். என் கதைகளில் கொலைகள் எல்லாம் லாட்ஜில் நடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் திருவல்லிக்கேணி லாட்ஜ் ஒன்றில் நெடுநாள் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த இருட்டு அந்த வராந்தா இருட்டுதான். “ஐயா, ஒரு தடவையாவது ஆளை வெளியே கூட்டிப் போய்க் கொல்லக் கூடாதா?” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

பனிவேந்தன் என்ற பெயரில் எழுதியவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவரிடம் மலை இருந்தது. மலையடிவாரத்தில் பூட்டிக் கிடக்கும் பங்களா இருந்தது, இரவெல்லாம் ஓடும் மில் இருந்தது, குரல்வளையைக் கவ்வும் வெள்ளை நாய் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பனி இருந்தது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பனி; அது விலகினால் கீழே பிணம். அவர் புத்தகம் வெளியான வாரத்தில் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கையில் அதுதான் இருக்கும். நான் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

அவருக்கு ஊர் கொடுத்திருக்கிறது, நமக்கு நம் ஊர் தண்ணீர் லாரியைக் கொடுத்திருக்கிறது, வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

அந்த வருஷம் தீபாவளிச் சிறப்பிதழுக்கு அவர் கதை வந்து சேரவில்லை. நான் ஒரு மலைக் கதை எழுதிக் கொடுத்திருந்தேன். பங்களா, பனி எல்லாம் அதிலும் உண்டு. அச்சகம் சும்மா இருக்க வேண்டாம் என்று அதை ஈய எழுத்தில் கோத்தும் வைத்துவிட்டார்கள். முதலாளி படித்துவிட்டு, “சார், உங்க பனி பீடிப் புகை மாதிரி இருக்கே” என்றார். பிறகு, “நீங்களே ஒரு நடை அவர் ஊருக்குப் போய்ட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் கதையோட வந்தா அது. இல்லேன்னா உங்களோடது. அந்த ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்” என்றார்.

கிளம்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் நின்றது. எதிரே இருந்த பெரியவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வழி நெடுக எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். “எறங்கி பால்கோவா வாங்குங்க சார். செத்த நேரம் நிக்கும். வண்டி எங்க போயிறப் போகுது?” என்றார்.

போய்விட்டது. பொட்டலமும் கையுமாக நான் பிளாட்பாரத்தில் நிற்க, பெரியவர் ஜன்னலில் என் பையைத் தூக்கிக் காட்டி, “ராஜபாளையத்துல எறக்கி வச்சிருதேன்! பதறாதீக!” என்று கத்திக்கொண்டே போனார்.

ஸ்டேஷன் வாசலில் நின்று பால்கோவாவைப் பிரித்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. நாக்கில் மணல் மாதிரி கொஞ்சம் நெருடி, பிறகு கரைந்தது. மெட்ராஸில் இதே பெயரில் விற்பதைத் தின்ன எனக்கு இனிமேல் மனசு வராது. இதையெல்லாம் தின்று வளர்ந்தவன் எழுதினால் கதை ஏன் நன்றாக வராது என்று நினைத்தேன். பாதியிலேயே பொட்டலத்தைக் கட்டிவிட்டேன்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேற்கே மலை கூடவே வந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிசு, நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில். ராஜபாளையத்தை நெருங்கும்போது அதைப் பார்த்தேன். மலைக்கும் ரோட்டுக்கும் நடுவே தரையோடு தரையாக வெள்ளையாகப் படுத்திருந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அது கலையவில்லை. காற்றில் ஓரம் மட்டும் லேசாக எழுந்து அடங்கியது. நாலு மணி வெயிலில் பனி! பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டிருக்கலாம். தெரியாதவரிடம் பேச எனக்கு வாய் எழாது. பஸ் திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையம் ஸ்டேஷனில் போர்ட்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “மெட்ராஸ் சாரா? உங்க பை உங்களுக்கு முந்தியே வந்துருச்சு. பாவம், எம்புட்டு நேரமா ஒத்தையில உக்காந்திருக்கு.”

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் மூன்றாம் நம்பர் அறையை எடுத்தேன்.

மறுநாள் காலையில் விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனபோது, ஊருக்கு மேற்கே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியின் களத்தைக் காட்டினார்கள். கேட்டருகே ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. உயரமும் ஒட்டிய வயிறும் ரோஸ் நிற மூக்குமாக, கதையில் வருகிற அதே நாய். மூன்று பேரைக் கொன்ற நாய் என்று எனக்குத் தெரியும். நான் அசையாமல் நின்றேன். அது எழுந்து வந்து, காலையில் மீதிப் பால்கோவாவைத் தின்றிருந்த என் கையை முகர்ந்து நக்கிவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

உள்ளே போனேன். நேற்று பார்த்த பனி என் காலடியில் கிடந்தது.

வெளுத்த துணி. ஆஸ்பத்திரிக்குப் போகிற சல்லாத் துணி, கண் கூசுகிற வெள்ளையில் நீள நீளமாக, களம் முழுக்க விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். ஓரங்களில் கல். பெண்கள் இடுப்பை வளைத்து முனைகளை நீவிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒல்லி ஆள் ஒருவர் நடுவில் நின்று, “ஏட்டி, அந்த மூலையில கல்ல வையி, பறக்குது பாரு!” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர்தான் பனிவேந்தன். சொந்தப் பெயர் ரெங்கராஜ். அந்தக் களத்தின் மேஸ்திரி.

நான் யார் என்று சொன்னதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “அடடே, லாட்ஜு சாரா! எந்த ரூமுல தங்கியிருக்கீங்க?”

“மூணு.”

“தப்பிச்சீங்க. உங்க கதைல ஏழாம் நம்பர் ரூமுல படுத்தவன் ஒருத்தனும் எந்திரிச்சதில்லையே!”

படித்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் வந்ததற்காக என் மேலேயே கோபமாகவும் இருந்தது.

துணியை நீவிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார். மாரியம்மா என்று பெயர். அந்தக் களத்தில் நெடுநாள் வேலை. “இவுகளும் கதை எழுதுவாகளா? எங்க மேஸ்திரி கதைல நான் எத்தன தடவ செத்துட்டேன் தெரியுமா சார்? ஒரு தடவ கெணத்துல, ஒரு தடவ மில்லுல. போன கதைல நாயி கடிச்சு. கூலி கூடக் கேட்டா அடுத்த கதைல நான் பொணம்.”

“வேல ஒழுங்காப் பாத்தா உன்ன எதுக்குக் கொல்லுதேன்?” என்றார் ரெங்கராஜ்.

“இவளுக்காவது கெணறு. நான் அரளி வெதையில்லா தின்னேன்!” என்று தள்ளி நின்ற இன்னொருத்தி குரல் கொடுத்தாள். களம் முழுக்கச் சிரித்தது. கொல்லப்பட்டதில் அவர்களுக்கு இருந்த பெருமையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என் லாட்ஜில் செத்தவர்கள் யாரும் எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்ததில்லை.

கதையைக் கேட்டேன்.

“பாதியில நிக்கி சார். மழை வரணும்.”

எனக்குப் புரியவில்லை. அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன. “நாள் பூரா வெயில்ல இந்த வெள்ளையப் பாக்கேன்லா. ராத்திரி காகிதத்த விரிச்சா அதுவும் வெள்ளை. கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டும். மழை நாள்ல துணி விரிக்க முடியாது. அன்னைக்குத்தான் எழுதுவேன். இதுவரைக்கும் எழுதுன அம்புட்டும் மழையில எழுதுனதுதான். இந்த வருசம் புரட்டாசி முடியப் போகுது, ஒரு தூத்தல் இல்ல.”

வெள்ளிக்கிழமை என்ற கெடுவைச் சொன்னேன். அவருக்குப் பதிலாக யார் கதை போகும் என்று சொல்லவில்லை.

“மழை வந்தா தந்திருதேன். வரலேன்னா நீங்க வெறுங்கையோட போக வேண்டியதுதான்” என்றார்.

நான் மேற்கே திரும்பினேன். மலைக்கு மேலே வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அந்த ஊரில் மழைக்காகக் காத்திருக்காதவன் அந்த நேரத்தில் நான் ஒருவன்தான்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். புரட்டாசி என்பதால் வீட்டில் கறி இல்லை என்று அவர் மனைவி வருத்தப்பட்டார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் பருப்புப் பொடியும் நெய்யும் அப்பளமும் போட்டார். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது தெலுங்கு. மெட்ராஸில் என் பக்கத்துப் போர்ஷனில் தெலுங்குக் குடும்பம் இருப்பதால் எனக்கு அந்தப் பேச்சு ஓரளவு புரியும். அது அவர்களுக்குத் தெரியாது. மனைவி பரிமாறிக்கொண்டே தெலுங்கில் சொன்னார்: “பார்த்தால் இவ்வளவு சாதுவாக இருக்கிறாரே, இவரா லாட்ஜில் அத்தனை பேரைக் கொன்றவர்?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தெலுங்கிலேயே பதில் சொன்னார்: “சாதுதான். ஆனால் வந்ததிலிருந்து மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கவனித்தாயா?”

நான் குனிந்து இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

கை கழுவியபின், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “இந்த மலை இருக்கறதாலதானே உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுது?”

“மலையா?” என்று சிரித்தார். “அது பாட்டுக்கு நிக்கி. அழகு பாக்க எனக்கு எங்க நேரம்? மேற்க கறுக்குதான்னு பாக்கதுக்குத்தான் அதத் திரும்பிப் பாப்பேன். களம் பூரா அடுத்தவன் துணி கெடக்கு. பொட்டு மழை விழுந்து மண்ணு தெறிச்சா போச்சு. கறை பட்ட துணிய ஒருத்தன் புண்ணுல வைக்க முடியுமா? மொதலாளி என்னையத்தான் கேப்பாரு. மழை வந்தாத்தான் எழுத முடியும், மழை வந்துருமோன்னுதான் பகல் பூரா பயம். என் கதைல வாரவன் எல்லாம் மலையப் பாத்து நடுங்குதான்னா, நான் நடுங்குதேன் சார், அதான்.”

“அப்போ அந்தப் பனி?”

“பனியா? இங்க ஏது சார் அம்புட்டுப் பனி? ஒருநா துணிக்கு அடியில ஒரு கீரிப்பிள்ளை நுழைஞ்சு ஓடுச்சு. துணி மேல மேல எந்திரிச்சு வருது. யாரோ அடியில படுத்திருக்க மாதிரி இருந்துச்சு. துணின்னு எழுதுனா ஒருத்தனும் பயப்பட மாட்டான். பனின்னு போட்டேன்.”

அன்று இரவு லாட்ஜில் பரோட்டா இறங்கவில்லை. ஊர் அவருக்கு எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். எத்தனை வருஷமாக அதை நம்பித்தான் பொறுத்தேன். ஊர் கொடுத்தது வெயிலும் துணியும் கண் எரிச்சலும்தான். மீதி அவருடையது. இனி எதைச் சொல்லி நான் தூங்குவது?

புதன்கிழமை, இவர் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்புக்குப் போனேன். பஸ் ஒரு இடத்தில் டயர் பஞ்சராகி நின்றுவிட, மாந்தோப்புகள் நடுவே மீதி தூரத்தை நடந்தேன். காட்டு எல்லையில் வனத்துறைக் காவலர் ஒருவர் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பூட்டிய பழைய பங்களா ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“பங்களாவா? எங்க டிபார்ட்மென்ட் கொட்டகைதான் இருக்கு. அதுலயும் ஓடு ஒழுகுது.”

“எழுத்தாளர் ரெங்கராஜ் இங்கே அடிக்கடி வருவாரா?”

“அவியளா? ஒரே ஒரு தடவ வந்தாக. அட்டை கடிச்சிருச்சுன்னு போனவுகதான்.” பிறகு காவலர் அண்ணாந்து பார்த்தார். “நீங்களும் வெரசா திரும்புங்க. உச்சியில மேகம் கட்டுது. சாயங்காலம் இறங்கும்போல இருக்கு.”

பார்த்தேன். உச்சியில் ஒரு சாம்பல் திட்டு. கலைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பஸ்ஸில் எல்லாரும் அதையே பார்த்து, “வந்துரும், இன்னைக்கு வந்துரும்” என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

களத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேற்கே பாதி வானம் கறுத்திருந்தது. ரெங்கராஜின் குரல் மாறியிருந்தது. பெண்கள் இரண்டிரண்டு பேராக ஓடினார்கள். முனைக்கு ஒருவராகத் துணியைத் தரையில் உரசாமல் தூக்கி, கைமேல் கையாக மடித்துக்கொண்டே நடந்து நடுவில் சேர வேண்டும். இழுக்கக் கூடாது. நான் கேட்டருகே நாயோடு நின்றேன்.

“ஏ லாட்ஜு சாரே!” என்று மாரியம்மா கத்தினார். “என்ன வேடிக்க பாக்கீக? அந்தப் பக்கத்தப் புடிங்க!”

இந்த மழை வந்தால் என் கதை போயிற்று. அதே மழையிலிருந்து இவர் துணியை நான் காப்பாற்ற வேண்டும். யோசிக்கும்முன் கால் ஓடிவிட்டது. ஓடியவன் செய்த தப்பு, துணியைப் பிடிக்கும் முன் கல்லை எடுத்தது. இந்த வேலை தெரிந்த யாரும் செய்யாத தப்பு. காற்று துணியைத் தூக்கி என் மேலே போட்டது. விலக்கத் திரும்பினேன், இன்னொரு சுற்று. தலை, தோள், கை எல்லாம் வெள்ளை. கண்ணுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

“ஆத்தாடி, பொணங்கணக்கா நிக்காகளே!” என்று ஒருத்தி சொல்ல, அந்த அவசரத்திலும் சிரித்தார்கள்.

யாரோ என்னைச் சுற்றிப் பிரித்துவிட்டார்கள். துணி விலகியபோது எதிர் முனையில் ரெங்கராஜ் நின்றார். அவர் சிரிக்கவில்லை. அத்தனை அவசரத்தில், ஒரு நொடி, வேலையை மறந்து என்னையே பார்த்தார். பிறகு, “புடிங்க சார்!” என்றார். ஆளுக்கு ஒரு முனையைத் தூக்கி, மடித்துக்கொண்டே நடந்து நடுவில் சேர்ந்தோம். என் கையிலிருந்த மடிப்பை அவர் கையில் வைத்தபோது முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தது.

வியாழன் முழுக்க மழை. ஊரே வாசலில் நின்று நனைந்தது. நான் மூன்றாம் நம்பர் அறையில் படுத்து, ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு இத்தனை பக்கம் ஆகியிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ரெங்கராஜ் ரயிலடிக்குக் குடையோடு வந்தார். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொடுத்தார். கண் தெளிவாக இருந்தது.

“பாதியில நின்னத முடிச்சிட்டீங்களா?”

“அதக் கிழிச்சுப் போட்டுட்டேன். இது வேற. நேத்து சாயங்காலம் மனசுல விழுந்தது, நிறுத்த முடியல.” கொஞ்சம் தயங்கினார். “படிச்சுட்டுக் கோவிச்சுக்கிடாதீங்க சார்.”

வண்டி கிளம்பியது. மழை விட்டு, மலையின் பாதி உடம்பை மேகம் மூடியிருந்தது. எதிரே இருந்த பெண் தன் வீட்டுக்காரரிடம், “இந்தாங்க, அங்கன பாருங்க. பனிவேந்தன் கதைல வருமே, அப்படியே இருக்கு” என்றாள். மலையே அவருக்காக உழைக்க ஆரம்பித்துவிட்டது. நான் கட்டைப் பிரித்தேன்.

மழை இல்லாத ஓர் ஊர். லாட்ஜில், ஏழாம் நம்பர் அறையில், வெளியூர்க்காரன் ஒருவன் வந்து தங்குகிறான். கூச்சப்படுகிறவன், யாரோடும் பேச மாட்டான். தினமும் மலையைப் பார்க்கிறான். ஊரில் எல்லாரும் மலையைப் பார்க்கிறார்கள்தான். ஆனால் மழை வந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். கூடிய மேகம் அவன் பார்த்ததும் கலைகிறது. முதலில் ஒரு பெண் அதைக் கவனிக்கிறாள். பிறகு ஊர் கவனிக்கிறது. ஒருநாள் பொழுது விடியும்போது தரையோடு படுத்திருந்த பனி விலகுகிறது, அவன் கிடக்கிறான். அன்று சாயங்காலம் மழை கொட்டுகிறது. கொன்றது யார் என்று போலீஸ் கேட்கிறது. நனைந்துகொண்டு நிற்கிற ஊர் வாய் திறக்கவில்லை.

மதுரை வரும்வரை அந்தத் தாள்களை மடியிலிருந்து எடுக்கவில்லை. அந்த மலையை நானும்தான் பார்த்தேன், அத்தனை நேரம், அத்தனை பயத்தோடு. என் பயத்தில் ஒரு கதை இருந்தது எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவனுடைய எழுத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்குப் பழக்கம். என்னையே எடுத்து எழுதி, அதிலும் என்னைப் பொறாமைப்பட வைத்தவர் இவர்தான்.

வெள்ளிக்கிழமை கட்டை முதலாளி மேசையில் வைத்தேன். அவர் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, “சார், அந்த வெளியூர்க்காரன் வரான் பாருங்க, உடம்பெல்லாம் சிலிர்க்குது” என்றார்.

எங்கள் அச்சகத்தில் ஒரே சமயத்தில் இரண்டு பெரிய கதைகளைக் கோக்க எழுத்து போதாது. என் கதையைப் பிரித்தார்கள். பங்களாவும் மலையும் பீடிப் புகைப் பனியும் ஈய எழுத்துகளாக உதிர்ந்து, பெட்டியில் அதனதன் அறைக்குத் திரும்பின. அதே எழுத்துகளை எடுத்து அவர் கதையைக் கோத்தார்கள். மை காயாத புரூப் என் மேசைக்கு வந்தது.

நான் சாகிற பக்கத்தில் ஓர் எழுத்து தலைகீழாக நின்றது. சுழித்து, ஓரத்தில் குறித்து, அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.